தனக்கோட்டி வீட்டுக்குப் போகிற பாலம்

1

பாலத்தை எடுத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பெரிய பாலம் ஒன்றும் இல்லை. வண்டி போகிற பாலமும் இல்லை. மனுஷர் நடந்து போக இரும்பில் போட்டு, இரண்டு பக்கமும் தலைக்கு மேலேயும் கம்பி வலை அடித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்த சேதியை இந்த ஊர்ப் பேப்பரில் ஒரு வரி போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் போடுகிறேன்.

ஆரணியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். பேத்தி தியா, "நீங்க பேசுங்க ஆயா, போன் எழுதும்" என்கிறாள். போன் எழுதினால் அது போன் எழுதியது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு எதற்குமே எனக்கு அவசரம் இருந்ததில்லை.

அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம், மகன் குமரன் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை, அதற்கப்புறம் வேலி, அதற்கப்புறம் பெரிய ரோடு. அந்தப் பக்கம் நாலு வரிசை, இந்தப் பக்கம் நாலு வரிசை வண்டி போகும். போகும் என்று சொல்வது மரியாதைக்கு. காலையிலும் சாயங்காலமும் அது நிற்கும்.

நெரிசல் பார்க்காதவள் இல்லை நான். முகூர்த்த மாதத்தில் ஆரணிக்குள் வந்து பாருங்கள். பட்டு எடுக்க வருகிற கார், நெல் மூட்டை ஏற்றின லாரி, போளூர் பஸ் எல்லாம் ஒன்றின் மூஞ்சியில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நிற்கிற இடத்தில் பேச்சு இருக்கும். பஸ் ஜன்னலில் தலையை நீட்டி ஒருத்தி, "இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்று ரோட்டில் போகிறவளைக் கேட்பாள். டிரைவர்கள் ஒருத்தன் குடும்பத்தை இன்னொருத்தன் இழுப்பான். இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் வண்டி நிற்கிறது, ஒரு ஆரன் சத்தம் கிடையாது. வண்டிக்கு ஒரு ஆள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு முன்வண்டியின் முதுகைப் பார்த்தபடி இருக்கிறார்கள். பாலத்தின் மேலே நின்று பார்த்தால், ஊரே ஒரு சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

2

அந்தப் பாலத்தின் மேலேதான் தனக்கோட்டியைப் பார்த்தேன்.

சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஒருத்தி, சுடிதாருக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு குழந்தையைத் துரத்திக்கொண்டு வந்தாள்.

"எங்கடீ ஓடிகினே கீற? கீழ வண்டி போவுது பாரு. ஜல்தி வா, ஒங்கம்மா பாத்தா என்னத்தான் திட்டுவா."

என் கால் நின்றுவிட்டது. தமிழ் பேசுகிறவர்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. காரில் ஏறிக் கோயிலுக்குப் போனால் மதுரை இருக்கிறது, கோயமுத்தூர் இருக்கிறது, மயிலாப்பூர் இருக்கிறது. அவர்கள் நடுவில் நான் வாயைத் திறந்தால் மருமகள் கீழே பார்ப்பாள். எங்கள் பேச்சு அவர்களுக்குச் சினிமாவில் சிரிக்க வைக்கிற பேச்சு. அதனால் கோயிலில் நான் வாயை மூடிக்கொண்டு சாமியைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

"எந்த ஊரு நீ?" என்று கேட்டேன்.

"கலசபாக்கம் பக்கங்க. நீங்க?"

"ஆரணி."

"ஆரணியில எங்கங்க?"

தெருப் பேரைச் சொன்னேன். வீட்டு அடையாளமும் சொன்னேன்.

"பட்டு முதலாளி ஊட்டம்மாவா நீங்க?" என்று கேட்டுக்கொண்டே அரை அடி பின்னால் நகர்ந்தாள். பாலம் குறுகல். நகர இடமில்லை. கம்பி வலையில் முதுகை இடித்துக்கொண்டாள்.

சின்ன வயசில் ஆரணி நெல்லு மில்லில் வேலை செய்தாளாம். சாயங்காலத்தில் தவிடும் குருணையும் கூடையில் எடுத்து வந்து எங்கள் தெருவில் பின்வாசல் பின்வாசலாக விற்பாளாம். எனக்கு அவளை ஞாபகம் இல்லை. அவளுக்கு எங்கள் பின்வாசல் படிக்கல் உடைந்திருந்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது.

"ஒங்க மாமியாரு இருக்காங்களே, தவுட்ட மேலருந்து கொட்டச் சொல்லுவாங்க. என்னோட கூடைகூட அவங்க மொறத்து மேல படக்கூடாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. "ஆமா, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். நடந்ததை இல்லை என்று சொல்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

அவள் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் லாரி ஓட்டுகிறவர், போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனக்கோட்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாடகை வீடுகள், மேலும் கீழுமாக அடுக்கிக் கட்டினவை. இந்தப் பக்கம் எங்களுடையவை சொந்த வீடுகள். ஆரணி மாதிரியே இங்கேயும் இரண்டு பக்கத்தையும் பிரித்துத்தான் ரோடு போட்டிருக்கிறார்கள்.

3

செவ்வாயும் வெள்ளியும் பார்த்துக்கொள்வது என்று ஆனது. முதலில் பாலத்தின் நடுவில் நின்று பேசினோம். பிறகு மழை வந்தது, அவள் வீட்டுக்குப் போனோம். ஆரணியில் ஒரு தெருவைத் தாண்டி அவர்கள் பக்கம் போகாதவள், இங்கே எட்டு வரிசை வண்டியைத் தாண்டிப் போய்ச் சோறு தின்றேன்.

காரணம் கருவாடு. குமரன் வீட்டில் கருவாடு வைக்க முடியாது. வீடு முழுக்க ஒரே காற்று சுற்றி வருகிறது, மேல் மாடிப் படுக்கை வரைக்கும் வாசனை போய்விடுகிறது. ஒரு தடவை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

"முதலாளி ஊட்டு நாக்கு. எங்கூட்டு கருவாட்டுக் கொழம்பு தாங்குமா?" என்றாள் தனக்கோட்டி, முதல் நாள் தட்டை வைத்துவிட்டு.

"உங்கூட்டு கருவாடுன்னு தனியா கடல்ல நீந்துதா? ஊத்து."

அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துகொண்டது.

முதலாளியம்மா என்று கூப்பிடுவதை விடச் சொன்னேன். அக்கா என்று கூப்பிடு என்றேன். "திடீர்னு வாயில வரமாட்டேங்குதுங்க" என்றாள். ரொம்ப நாள் ஒன்றுமே கூப்பிடாமல், "தோ, பாருங்க" என்றே ஓட்டினாள். ஒரு நாள் படி இறங்கும்போது எனக்குக் கால் இடறியது. "அக்கா" என்று கையைப் பிடித்தாள். அதற்கப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மகள் வேலையை விட்டு வந்து தூங்குகிற நேரத்தில் குழந்தையைச் சத்தம் போடாமல் வைத்திருப்பது எப்படி என்பாள். என் பேத்தி என்னோடு பேசுகிற ஐந்தாறு வார்த்தையை நான் சொல்வேன். சாப்டீங்களா, தூங்குங்க, டிவி போடவா. அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் இல்லை, எனக்கு இங்கிலீஷ் இல்லை. நல்ல பிள்ளை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள், ரயிலில் எதிர் சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

4

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று குமரன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"பன்னண்டு வரிசையாக்கறாங்கம்மா. அதுல நிக்காம போறதுக்குன்னே தனி வரிசை. எனக்கு ஆபீஸ் போக இருவது நிமிஷம் மிச்சம்."

"பாலம்?"

"எந்தப் பாலம்?"

ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். அவனுக்கே உறைத்தது.

"ஓ, அதுவா. அதோட தூணு நடுவுல நிக்குதும்மா. எடுத்துடுவாங்க. அப்புறமா புதுசு கட்டுவாங்க."

"அப்புறமான்னா?"

"எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்."

"அது எப்போ?"

"வருஷம் ஆவும்மா. ரோடு வேலைன்னா சும்மாவா."

ஊர்க்காரர்கள் வந்து அபிப்பிராயம் சொல்லலாம் என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் தனக்கோட்டியும் போனோம். தியா கூட வந்தாள். கூட்டம் என்றால் மைக்கு, நாற்காலி, கத்தல் என்று நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. ரோட்டைப் படமாக வரைந்து சுவர் நெடுக ஒட்டியிருந்தார்கள். ஒரு பெண் சிரித்த முகமாக எல்லோர் கையிலும் வட்ட வட்டமான ஸ்டிக்கர் கொடுத்தாள். சிவப்பு கொஞ்சம், பச்சை கொஞ்சம். என்னவோ சொல்லவும் சொன்னாள். தியா அந்த நேரம் பார்த்து பிஸ்கட் வைத்திருந்த மேஜைக்குப் போய்விட்டாள்.

"நம்ம பாலம் எங்க கீது அக்கா?" என்றாள் தனக்கோட்டி.

தேடினோம். அத்தனை பெரிய படத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. மற்றவர்கள் படத்தில் அங்கங்கே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எது நமக்கு முக்கியமோ அதில் ஒட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டோம்.

"எந்தக் கலரு?"

"பச்சைய யாராவது நல்லதுக்கு வெப்பாங்களா?" என்றேன்.

புதுப் பாவு நூல் ஏற்றின தறிக்குக் குங்குமம் வைத்தே கை பழகினவள் நான். பாலத்தின் இரண்டு முனைக்கும் ஒன்று ஒன்று வைத்தேன், நடுவில் ஒன்று வைத்தேன். தனக்கோட்டி படிக்கட்டு இரண்டுக்கும் வைத்தாள். ஊரில் இருக்கிற பேரன் புது பைக்கு வாங்கினபோது சக்கரத்துக்கு வைத்த மாதிரி, கோணாமல், அழுத்தி. ஒரு வெள்ளைக்காரம்மா எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அவளும் வந்து எங்கள் பாலத்தின் மேல் ஒரு சிவப்பு ஒட்டிவிட்டுப் போனாள்.

"நமக்கும் ஆளு கீறாங்க அக்கா" என்று தனக்கோட்டிக்குச் சந்தோஷம்.

தியா பிஸ்கட்டோடு வந்து பார்த்தாள். பிள்ளையின் முகம் மாறியது.

"ஆயா, ஏன் ரெட் வெச்சீங்க? ரெட்டுன்னா பேட். வேணாம். கிரீன்தான் வேணும்."

பாலம் இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு சிவப்பு. தியா உரித்துப் பார்த்தாள். காகிதமும் சேர்ந்து கிழிந்தது. அந்தச் சிரித்த முகப் பெண் ஓடி வந்து, பரவாயில்லை பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டாள்.

"குங்குமத்த வேணாம்ங்கறதுக்கு வெக்கற ஊரா இது?" என்றாள் தனக்கோட்டி. வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

5

குமரனிடம் சொன்னேன். நாளைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போ, அந்த ஆபீஸ்காரர்களிடம் தப்பாக வைத்துவிட்டேன் என்று நானே சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"நீ எந்தக் கலர் வெச்சிருந்தாலும் ஒண்ணுதாம்மா. பிளான் எப்பவோ முடிஞ்சிடுச்சு. இதெல்லாம் ஜனங்க மனசு ஆறட்டும்னு வெக்கறது."

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். நான் செய்த தப்புக்குக்கூட இந்த ஊரில் ஒரு மதிப்பு இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"அப்ப உன் ரோட்டுக்காக எனக்கு இருக்கற ஒரு ஆளையும் எடுத்துடுவாங்க. நீயும் பாத்துகினு இருப்ப."

"நீயே சொல்லும்மா," என்றான். "அப்பா எதனால போனாரு?"

அதை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு வலி என்று அவரை வேலூருக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பின வண்டி ஆரணியையே தாண்டவில்லை. ஒரு பக்கம் கல்யாண ஊர்வலம், ஒரு பக்கம் கரும்பு லாரி. அவர் தலை என் மடியில் இருந்தது. வண்டிக்காரர் இறங்கி ஒவ்வொருத்தரையும் கும்பிட்டுக் கெஞ்சினார். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் நகரத்தான் பார்த்தார்கள். நகர இடம் இல்லை. வழி கிடைத்தபோது எங்களுக்கு அது தேவைப்படவில்லை. குமரன் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். வந்து சேர்ந்த பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறான்.

"ரோடு அகலமா இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றான்.

இருந்திருப்பார். அவர் இருந்தால் நான் எதற்கு இங்கே வந்து உட்காரப்போகிறேன், அதுவும் வாஸ்தவம். ரோடு வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன். ஒன்று மட்டும் கேட்டேன்.

"அந்த இருவது நிமிஷத்த வெச்சி இன்னாடா பண்ணுவ?"

"உங்கூட உக்காருவேம்மா" என்றான்.

நம்பினேன்.

6

ஒரு சனி ஞாயிறில் பாலத்தை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பார்த்தால் படிக்கட்டு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் அதுவும் இல்லை.

காரில் போனால் தனக்கோட்டி வீடு தூரம். பெரிய சந்திப்பு வரைக்கும் போய், அதன் அடியில் புகுந்து, திரும்பி வர வேண்டும். அதுவும் வேலை நடக்கிற ரோட்டில். சனிக்கிழமைதோறும் கூட்டிப் போகிறேன் என்றான் குமரன். கூட்டியும் போனான். பிறகு ஒரு சனிக்கிழமை தியாவுக்கு நீச்சல், ஒரு சனிக்கிழமை யாரோ வீட்டில் பிறந்தநாள். என்னைக் கூட்டிப் போ என்று மகனிடம் கேட்டு நிற்கிறவள் இல்லை நான். அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவனும் நானாகக் கேட்பேன் என்று இருந்திருப்பான். தனக்கோட்டியின் மகளோ, வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறவள். அவளைக் கார் எடு என்று யார் சொல்வது.

தனக்கோட்டிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் பக்கத்து வேலி ஓரத்தில் அவள் வந்து நிற்பாள். எங்கள் பக்கத்து வேலி ஓரத்தில் நான் நிற்பேன். நடுவில் வண்டியும், தோண்டின பள்ளமும், மஞ்சள் மிஷினும். இரண்டு பேர் காதிலும் போன்.

"தெரியுதா அக்கா? செவப்பு ஸ்வெட்டரு போட்டுனு கீறேன்."

"தெரியுது. இன்னா கொழம்பு?"

"கருவாடுதான். மோந்து பாருங்க, காத்து ஒங்க பக்கம்தான் அடிக்குது."

"டீசல் நாத்தம்தான் வருது."

"அதுக்குப் பின்னால வரும், நில்லுங்க."

போனில் பேசுவதை வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசலாமே என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அப்புறம் சுவர் வந்தது. ரோடு அகலமானால் சத்தம் கூடும், அதனால் வீடுகளுக்குச் சத்தம் வராமல் ரோடு நெடுக ஒரு சுவர். சிமெண்டைப் பலகை பலகையாகக் கொண்டு வந்து தூணுக்குத் தூண் சொருகினார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம், இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். எங்கள் இடத்துக்கு வந்தபோது தனக்கோட்டி அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். முதல் பலகையில் அவள் கால் மறைந்தது. அடுத்ததில் கழுத்து வரைக்கும் போனது. கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கிரேன் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, இன்னும் அங்கியே நிக்கறீங்களா?" என்றது போன்.

"இல்ல, உள்ள வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

7

ரோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. குமரன் அதற்குள் வேறு வீடு பார்த்துவிட்டான். ஊருக்கு வெளியே, இதைவிடப் பெரிசு. போன வாரம் கூட்டிப் போய்க் காட்டினான். எனக்குக் கீழேயே அறை, அறைக்குள்ளேயே பாத்ரூம், குளிக்கும்போது பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைக்கச் சொல்லியிருக்கிறான். பாசம் இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது.

"ஆபீஸ் ரொம்ப தூரமாச்சேடா" என்றேன்.

"புது ரோடு வந்துட்டா இப்ப ஆவற நேரம்தாம்மா ஆவும்."

"அப்ப அந்த இருவது நிமிஷம்?"

அவனுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தான். "அது தூரத்துக்குச் சரியாப் பூடும்மா" என்றான், கணக்குச் சொல்கிற மாதிரி. மாடிப் படியைக் காட்டக் கூட்டிப் போனான்.

வருகிற கோடையில் மாறுகிறோம்.

இன்று காலையில் தனக்கோட்டி போன் செய்தாள். அவர்கள் பக்கத்தில் புதுப் பாலத்தின் படத்தைப் பெரிய பலகையில் வரைந்து வைத்திருக்கிறார்களாம். அவள் மகள் படித்துச் சொன்னாளாம்.

"லிப்டு வெச்சி கட்டறாங்களாம் அக்கா. ரெண்டு பக்கமும். படியே ஏற வேணாம். நடுவுல உக்கார பெஞ்சி கூட போடறாங்களாம். ரெண்டு வருசமோ மூணு வருசமோ, ஆவட்டும். நாம எங்க போவப் போறோம்?"

வீடு மாறப் போவதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மொத நாளு நாந்தான் வருவேன், சொல்லிட்டேன்" என்றாள். "இத்தினி நாளு நீங்களே வந்துகினு இருந்தீங்க. ஒங்கூடு எதுன்னுகூட எனக்குத் தெரியாது. நம்பரு சொல்லுங்க, எழுதி வெச்சிக்கறேன்."

சொன்னேன். இந்த வீட்டு நம்பரைத்தான் சொன்னேன். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு, "சரியா அக்கா?" என்று கேட்டாள்.

சரி என்றேன்.